.ஸ்ட்ரிங் போட்டால் கடைசியில் ஜீரோ பைட் வருமா, வராதா? எல்லா டார்கெட்டிலும் ஓடும்படி எழுதுவது எப்படி?

வரிமுடிவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள்.

சின்னதாக ஒரு ரன்டைம் லைப்ரரி எழுதி வருகிறேன். பெரும்பகுதி சி மொழி. தொடக்கக் குறியீடும் பிழைச் செய்தி அச்சிடும் பகுதியும் மட்டும் அசெம்பிளி. எக்ஸ்86-64, ஏஆர்ச்64, ரிஸ்க்-வி ஆகிய மூன்று டார்கெட்டிலும் (அதாவது செயலி வகையிலும்) நன்றாக ஓடுகிறது. சரி, இன்னொரு பழைய டார்கெட்டிலும் ஓட்டிப் பார்ப்போம் என்று கியூஎம்யூ எமுலேட்டரில் பிஏ-ரிஸ்க் (ஹெச்பியின் பழைய செயலி) லினக்ஸ் போட்டேன். அங்கேதான் வினை.

செய்திகள் .ஸ்ட்ரிங் என்ற டைரக்டிவோடு (அசெம்பிளருக்கான கட்டளை, இங்கே சரத்தைக் கோப்பில் வைக்கச் சொல்வது) இப்படித்தான் இருக்கின்றன:

    செய்தி1:  .ஸ்ட்ரிங் "வணக்கம்"
    செய்தி2:  .ஸ்ட்ரிங் "முடியாது"

முதல் செய்தியை மட்டும் அச்சிடச் சொன்னால் மற்ற மூன்று டார்கெட்டிலும் "வணக்கம்" என்று வருகிறது. பிஏ-ரிஸ்க்கில் "வணக்கம்முடியாது" என்று ஒட்டிக்கொண்டு வந்து, அதற்குப் பின்னால் குப்பையும் சேர்ந்து கொட்டுகிறது. எல்லா இடத்திலும் ஒரே ஜிஎன்யூ அசெம்பிளர்தான். அச்சிடும் ஃபங்ஷன், சரம் முடிந்ததைக் காட்டும் ஜீரோ பைட் வரும்வரை படிக்கிறது, அதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

அசெம்பிளர் தந்த ஆப்ஜெக்ட் ஃபைலை "ஓடி" (od) என்ற கட்டளையில் தசம எண்ணாகப் பார்த்தேன். எக்ஸ்86-64இல் முதல் செய்தியின் முடிவு:

    ... 224 174 174 224 175 141 0 224 174 174 ...

பிஏ-ரிஸ்க்கில்:

    ... 224 174 174 224 175 141 224 174 174 ...

அந்த 141, "ம்" என்பதில் உள்ள புள்ளியின் கடைசி பைட். அதற்கடுத்து இருக்க வேண்டிய 0 இல்லவே இல்லை. இது அசெம்பிளரில் உள்ள பிழையா, என் பிழையா?

---

பழையகன்சோல்

இரண்டும் இல்லை. கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஆனால் யாரும் தேடிப் போகாத பக்கத்தில்.

ஜிஎன்யூ அசெம்பிளரின் பொதுப் பகுதியில் .ஸ்ட்ரிங் பற்றி, "குறிப்பிட்ட எந்திரத்துக்கு வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை" ஒவ்வொரு சரத்தின் முடிவிலும் 0 சேர்க்கப்படும் என்று இருக்கும். அந்த "வேறுவிதமாக" என்பது பிஏ-ரிஸ்க் அத்தியாயத்தில் எச்சரிக்கையோடு வருகிறது: இங்கே .ஸ்ட்ரிங் ஜீரோ சேர்க்காது, வேண்டுமென்றால் .ஸ்ட்ரிங்-இசட் போடு. டார்கெட்டுக்குரிய டைரக்டிவ் அட்டவணை பொது அட்டவணையை மறைத்துவிடும். அதனால் அசெம்பிளரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறிவிடுகிறது.

பிஏ-ரிஸ்க் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். டிஐ நிறுவனத்தின் சி54எக்ஸ் டிஎஸ்பி செயலிக்கான போர்ட்டில் (அசெம்பிளர் வடிவத்தில்) .ஸ்ட்ரிங் ஒவ்வோர் எழுத்தையும் 16 பிட் வார்த்தையில் (நினைவக அலகில்) வைத்து மேல் 8 பிட்டை ஜீரோவாக விடும். இரண்டு எழுத்தை ஒரே வார்த்தையில் அடைக்க .பிஸ்ட்ரிங் என்று தனி டைரக்டிவ் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், பல டார்கெட்டில் ஓட வேண்டிய குறியீட்டில் .ஸ்ட்ரிங் வரவே கூடாது. அந்தப் பெயரில் ஜீரோவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. .ஆஸ்கி என்றால் ஜீரோ இல்லை, .ஆஸ்கி-இசட் என்றால் உண்டு. அந்த இசட் எழுத்தே ஜீரோவைத்தான் குறிக்கிறது. பிஏ-ரிஸ்க்கிலும் இந்த இரண்டும் பொது அட்டவணைப்படியே நடக்கும்.

இது நேற்று வந்த பெயரும் இல்லை. டெக் நிறுவனத்தின் பிடிபி-11 எந்திரத்துக்கான மேக்ரோ-11 அசெம்பிளரிலேயே இரண்டும் இருந்தன. அங்கே மேற்கோள் குறிக்குப் பதிலாக நமக்குப் பிடித்த எழுத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வரிமுடிவு வேண்டுமென்றால் சரத்துக்கு வெளியே <15><12> என்று ஆக்டலில் (எட்டடிமான எண்ணில்) எழுதுவார்கள். சரம் முடிந்ததும் மறக்காமல் .ஈவன் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வார்த்தை ஒற்றைப்படை முகவரியில் விழுந்துவிடும்.

---

வரிமுடிவு

நன்றி அண்ணா. பிஏ-ரிஸ்க் அத்தியாயத்தை நான் திறக்கவே இல்லை. இப்போது பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

நாளைக்கு வேறு அசெம்பிளருக்குப் போனாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று இருக்கட்டுமே என எண்ணி, ப்ரீபிராசசர் மேக்ரோ (அசெம்பிளருக்குப் போகும் முன் விரிக்கப்படும் சுருக்கம்) ஒன்று எழுதினேன்:

    #டிஃபைன் உரை_வை(பெயர், உரை)  பெயர்: .ஆஸ்கி உரை ; .பைட் 0

எக்ஸ்86-64இல் சரியாக வந்தது, ரிஸ்க்-வியிலும் வந்தது. பிஏ-ரிஸ்க்கில் மறுபடியும் "வணக்கம்முடியாது". டம்ப்பிலும் அதே 141 224. அசெம்பிளர் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. .ஆஸ்கி சரியாக நடக்கிறது என்றால், .பைட் 0 எங்கே போனது?

---

ஆக்டல்பிரியை

அந்த அரைப்புள்ளியைப் பாருங்கள்!

பிஏ-ரிஸ்க் போர்ட்டில் அரைப்புள்ளி கூற்றுகளைப் பிரிக்காது. அது கமெண்ட் தொடக்கம். உங்கள் .பைட் 0 முழுவதும் கமெண்டாகப் போய்விட்டது, கமெண்டுக்கு யார் எச்சரிக்கை கொடுப்பார்கள்? அங்கே கூற்றுகளைப் பிரிப்பது ஆச்சரியக்குறி.

லினக்ஸ் கெர்னல் இதே சிக்கலுக்காக ஏஎஸ்எம்_என்எல் என்று ஒரு மேக்ரோ வைத்திருக்கிறது. பொதுவாக அதன் மதிப்பு அரைப்புள்ளி. பிஏ-ரிஸ்க் கோப்பில் மட்டும் அதை ஆச்சரியக்குறியாக மாற்றி, ஏன் என்று மேலே கமெண்டும் எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் உங்கள் தேவைக்கு அது அதிகம். ஒரே கூற்றாக எழுதிவிட்டால் பிரிப்பானே வேண்டாம்:

    #டிஃபைன் உரை_வை(பெயர், உரை)  பெயர்: .ஆஸ்கி-இசட் உரை

ஜீரோவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் இப்படி:

    செய்தி1:  .ஆஸ்கி "வணக்கம்\000"

இரண்டும் ஒரே 22 பைட் தரும்: ஏழு யூனிகோடு குறிகள், குறிக்கு 3 பைட், கூட ஒரு ஜீரோ.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். \0 என்று ஒற்றை இலக்கமாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜீரோவுக்கு அடுத்து 12 என்ற எண் வரவேண்டும் என்று "\012" எழுதினால், அது ஆக்டல் 012 ஆகி வெறும் வரிமுடிவாகிவிடும். மூன்று இலக்கமும் எழுதி "\00012" என்றால் குழப்பமே இல்லை.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஜிஎன்யூ அசெம்பிளர், பழைய யூனிக்ஸ் அசெம்பிளர்களோடு ஒத்துப்போக, ஆக்டல் எஸ்கேப்பில் (பேக்ஸ்லாஷுக்குப் பின் எண்ணாக எழுதும் பைட்டில்) 8, 9 இரண்டையும் இலக்கமாக ஏற்றுக்கொள்கிறது. "\008" எழுதினால் மதிப்பு 8 உள்ள ஒரு பைட் கிடைக்கும். சி மொழியில் அதையே எழுதினால் ஒரு ஜீரோ பைட், பிறகு "8" என்ற எழுத்து, ஆக இரண்டு பைட். கிளாங் கம்பைலரின் உள்ளமைந்த அசெம்பிளரும் சி போலவே படிக்கிறது. ஒரே மூல வரி, இரண்டு கருவி, இரண்டு நீளம்.

ஹெக்ஸ் (பதினாறடிமான) எஸ்கேப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். பின்னால் எத்தனை ஹெக்ஸ் இலக்கம் வந்தாலும் அத்தனையையும் விழுங்கிவிட்டு, கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.

---

சுமைதாங்கி

எஸ்கேப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். சியில் பழகியவர்கள் செங்குத்து டேப், மணி ஒலி ஆகியவற்றின் எஸ்கேப்பை அசெம்பிளியிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஜிஎன்யூ அசெம்பிளரின் பட்டியலில் அவை இல்லை. தெரியாத எஸ்கேப் வந்தால் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, பேக்ஸ்லாஷை எடுத்துவிட்டு, அடுத்த எழுத்தை அப்படியே வைத்துவிடும். கிளாங் அதைப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். கிளாங் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எச்சரிக்கைகள் நூறு ஓடும் பில்டில் இந்த ஒன்றை யார் பார்ப்பார்கள்? \013, \007 என்று ஆக்டலில் எழுதினால் இரண்டிலும் ஒன்றுதான்.

சிக்குள் இன்லைன் அசெம்பிளியாக எழுதினால் பேக்ஸ்லாஷை இரட்டிக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆபரண்ட் உள்ள நீட்டிக்கப்பட்ட வடிவத்தில் விழுக்காட்டுக் குறியையும் இரட்டிக்க வேண்டும். எக்ஸ்86இல் நெளிவு அடைப்புக்குறியும் செங்குத்துக் கோடும் ஏடி&டி, இன்டெல் என்ற இரண்டு அசெம்பிளி எழுதுமுறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குறிகள். உங்கள் பிழைச் செய்தியில் { இருந்தால் ஜிசிசி கம்பைலர் அதை உரையாகப் பார்க்காது. அதற்கு முன்னால் விழுக்காட்டுக் குறி வைக்க வேண்டும்.

---

நிழல்தாவல்

நான் மாணவன், நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். வகுப்பில் மார்ஸ் சிமுலேட்டரில் எழுதிய அசெம்பிளியை ஜிஎன்யூ அசெம்பிளரில் போட்டேன், டைரக்டிவ் தெரியவில்லை என்கிறது. நீங்கள் சொல்லும் .ஆஸ்கி-இசட்தானே அது?

---

பழையகன்சோல்

எழுத்தெண்ணிப் பாருங்கள் தம்பி. மார்ஸ், ஸ்பிம் இரண்டு சிமுலேட்டரிலும் இசட்டுக்கு முன்னால் ஆங்கில ஐ (i) எழுத்து இரண்டு முறை வரும். 6502க்கான சிஏ65 அசெம்பிளரிலும் அப்படித்தான். ஜிஎன்யூ கையேட்டில் ஒரே ஒரு ஐ. பொருள் ஒன்றுதான். ஒரு எழுத்தை அழித்தால் அந்த வரி ஓடும்.

---

பிட்டுக்குருவி

இவ்வளவு நேரமும் ஜிஎன்யூ குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வெளியே போனால் .ஆஸ்கி-இசட்டும் கைகொடுக்காது. நான் வேலை பார்ப்பது சிறிய கன்ட்ரோலர்களில், அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஐஏஆர் அசெம்பிளரில் மேற்கோள் குறியே பொருளை மாற்றும். ஒற்றை மேற்கோளில் நான்கு எழுத்து போட்டால் நான்கு பைட். அதே நான்கை இரட்டை மேற்கோளில் போட்டால் ஐந்து, ஜீரோ தானாகச் சேர்ந்துகொள்ளும். நாஸ்ம் அசெம்பிளரில் ஒற்றையும் இரட்டையும் ஒன்றுதான், இரண்டிலும் எஸ்கேப் வேலை செய்யாது. சாய்ந்த பின்மேற்கோளில் எழுதினால் மட்டும் சி பாணி எஸ்கேப் கிடைக்கும். ஜீரோவை நாமே காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் மாஸ்மிலும் ஜீரோ நம் பொறுப்பு, எஸ்கேப் கிடையாது, உள்ளே மேற்கோள் வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். ஆர்ம் நிறுவனத்தின் பழைய ஆர்ம்அசம்மில் டாலர் குறியையும் இரட்டிக்க வேண்டும், ஏனென்றால் அது மாறியைப் பதிலிடும் குறி. விலை காட்டும் செய்தி ஒன்றில் டாலரும் அதன் பின்னால் இருந்த சொல்லும் பதிலீட்டில் சிக்கி, நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதள அசெம்பிளரில் .ஆஸ்கி, .ஆஸ்கி-இசட் இரண்டும் இல்லாமல்தான் நெடுங்காலம் ஓடியது. அங்கே .ஸ்ட்ரிங் ஜீரோவோடு வரும், .பைட் டைரக்டிவே மேற்கோள் சரத்தை ஏற்கும். பிஏ-ரிஸ்க்கில் ஜீரோ தராத அதே பெயர் ஏஐஎக்ஸில் தருகிறது!

அதனால் என் முடிவு: வெவ்வேறு குடும்ப அசெம்பிளர்களுக்குப் போக வேண்டுமென்றால் சரமாகவே எழுதக் கூடாது. எண்ணாக எழுத வேண்டும். "வணக்கம்" என்பது இதுதான்:

    224,174,181, 224,174,163, 224,174,149, 224,175,141,
    224,174,149, 224,174,174, 224,175,141, 0

இதில் மேற்கோள் இல்லை, எஸ்கேப் இல்லை, எழுத்துக் குறியாக்கக் குழப்பமும் இல்லை. முன்னால் வரும் சொல் மட்டும் அசெம்பிளருக்கு அசெம்பிளர் மாறும். கையால் எழுதச் சொல்லவில்லை, சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க லைப்ரரியில் அசெம்பிளியை உருவாக்கும் பெர்ல் கோப்புகளில் ஆர்முக்கானது செய்வது இதைத்தான். .ஆஸ்கி-இசட் வரியைக் கண்டால் உள்ளிருக்கும் எழுத்துகளைப் பைட் எண்களாகப் பிரித்து, முடிவில் ஒரு 0 வைத்து, .பைட் வரியாகக் கொடுத்துவிடும்.

---

சுமைதாங்கி

பிட்டுக்குருவி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எண்களாக எழுதிய சரத்தை ஆறு மாதம் கழித்து யார் படிப்பது? ஸ்கிரிப்ட், அதன் உள்ளீட்டுக் கோப்பு, பில்ட் விதி என்று மூன்று பொருளைக் காப்பாற்ற வேண்டும்.

இவருடைய லைப்ரரியில் ஏற்கெனவே சி இருக்கிறது. செய்திகளை சி கோப்பில் மாறாத கேரக்டர் அணியாக வைத்துவிட்டு, அசெம்பிளியிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமே. ஜீரோ வைப்பது கம்பைலரின் வேலையாகிவிடும். நீளமும் சைஸ்ஆஃப் மூலம் கிடைக்கும், ஒன்றைக் கழித்தால் போதும். ஆப்பிளின் மாக்-ஓ கோப்பு வடிவத்தில் பெயருக்கு முன்னால் அடிக்கோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

---

பிட்டுக்குருவி

சி இருக்கும் இடத்தில் சரி. நான் எழுதும் பூட் குறியீட்டில் அந்தக் கட்டத்தில் சியே கிடையாது, டேட்டா செக்‌ஷன் இன்னும் நகலெடுக்கப்பட்டிருக்காது. அங்கே சரம் அந்தக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இருவர் தேவையும் வேறு.

---

ஆக்டல்பிரியை

யாரும் இன்னும் செக்‌ஷன் பற்றிப் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை.

லினக்ஸின் ஆப்ஜெக்ட் ஃபைல் வடிவமான ஈஎல்எஃப்பில் சரங்களை இணைக்கக்கூடிய செக்‌ஷன் உண்டு. எம், எஸ் என்ற இரண்டு கொடிகளும் அளவு 1 என்பதும் கொடுத்தால், லிங்கர் (ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்க்கும் கருவி) ஒரே மாதிரியான சரங்களை ஒன்றாக்கிவிடும். ஒன்றின் வால் இன்னொன்றாக இருந்தால் அதையும் பகிரலாம். அந்த செக்‌ஷனுக்குள் ஜீரோ இல்லாத சரத்தை வைத்தால் லிங்கருக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது. கடைசிச் சரத்துக்கு ஜீரோ இல்லையென்றால் எல்எல்டி லிங்கர் பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லது. நடுவில் இருக்கும் சரத்துக்கு ஜீரோ இல்லையென்றால் அடுத்ததோடு சேர்த்து ஒரே சரமாக எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும்.

அடுத்தடுத்து எழுதிய இரண்டு சரம் நினைவகத்திலும் அடுத்தடுத்து இருக்கும் என்று அந்த செக்‌ஷனில் நம்பவும் கூடாது. லிங்கர் இடம் மாற்றும்.

கூடவே, செக்‌ஷன் வகையை @ குறியோடு எழுதும் பழக்கம் ஆர்மில் உதவாது, அங்கே @ கமெண்ட் குறி. விழுக்காட்டுக் குறி போட வேண்டும்.

நீளம் கணக்கிடுவதிலும் கவனம். "இப்போதைய இடம் கழித்தல் லேபிள்" என்று எழுதினால் .ஆஸ்கி-இசட்டில் ஜீரோவும் சேர்ந்து 22 வரும். அதை அப்படியே ரைட் சிஸ்டம் காலுக்கு (கெர்னலை எழுதச் சொல்லும் அழைப்புக்கு) கொடுத்தால் ஜீரோ பைட்டும் வெளியே போகும். டெர்மினலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து ஒப்பிடும் சோதனை தோற்கும்.

---

நிழல்தாவல்

தமிழ் சரம் என்பதால் .ஸ்ட்ரிங்16 போடலாம் என்று நினைத்தேன். அது யூடிஎஃப்-16 தருமா?

---

ஆக்டல்பிரியை

தராது. பலர் விழும் இடம் இது. மூலக் கோப்பு யூடிஎஃப்-8இல் இருக்கிறது, ஜிஎன்யூ அசெம்பிளர் அதைப் பைட் பைட்டாகத்தான் படிக்கும். .ஸ்ட்ரிங்16 ஒவ்வொரு பைட்டையும் 16 பிட்டாக விரிக்கும், குறிகளாக மாற்றாது. "வணக்கம்" 21 பைட், ஒவ்வொன்றும் இரண்டாகி, முடிவு ஜீரோவும் இரண்டு பைட் ஆகி, மொத்தம் 44 பைட் வரும். உண்மையான யூடிஎஃப்-16இல் அது 7 குறியும் ஒரு முடிவும், 16 பைட். ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கணக்கும் ஒன்றாக வந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை, தமிழ் போட்டால்தான் வெளிப்படும். நாஸ்மில் யூடிஎஃப்-16ஆக மாற்ற உள்ளமைந்த வசதி இருக்கிறது. அப்படி வசதி இல்லாத இடத்தில் 16 பிட் எண்களாக எழுதுங்கள்: வ 2997, ண 2979, க 2965.

---

பழையகன்சோல்

எஸ்கேப்பாக எழுதினால் நீளம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஜிசிசியின் ஈஎல்எஃப் தலைப்புக் கோப்பில் ஒரு சர டைரக்டிவுக்கு 256 என்று வரம்பு இருக்கிறது. பழைய எஸ்விஆர்4 யூனிக்ஸ் அசெம்பிளர்கள் சிலவற்றில் அந்த வரம்பு உண்டு, அவை எஸ்கேப்பில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எண்ணும் என்று கமெண்டும் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரு தமிழ்க் குறி ஆக்டலில் 12 எழுத்து, 21 குறியில் வரம்பு தீர்ந்துவிடும். இன்றைய அசெம்பிளர்களில் இந்தப் பயம் இல்லை. ஆனால் நீளமான செய்தியைப் பல .ஆஸ்கி வரிகளாக உடைத்துக் கடைசியில் மட்டும் ஜீரோ வைப்பது படிக்கவும் எளிது. .ஆஸ்கி-இசட்டில் காற்புள்ளி போட்டு உடைக்காதீர்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜீரோ விழும்.

---

வரிமுடிவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாளில் பிடிபடாதது ஒரே மாலையில் பிடிபட்டது.

செய்ததை எழுதிவிடுகிறேன். சாதாரணச் செய்திகள் எல்லாம் சி கோப்புக்குப் போய்விட்டன, சுமைதாங்கி சொன்னதுதான் என் லைப்ரரிக்குப் பொருத்தம். சி தொடங்கும் முன் வரக்கூடிய நான்கு செய்திகள் மட்டும் அசெம்பிளியில் இருக்கின்றன. அவை .ஆஸ்கி, முடிவில் \000, ஒரே கூற்று. .ஸ்ட்ரிங் என்ற சொல் மூலக் கோப்பில் எங்கே வந்தாலும் பில்ட் நிற்கும்படி ஒரு சோதனை வைத்தேன். இன்னொரு சோதனை ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறந்து, நான்கு லேபிளுக்கும் அடுத்த லேபிளுக்கு முந்தைய பைட் 0தானா என்று பார்க்கிறது. அரைப்புள்ளி மாதிரி இன்னொன்று வந்தால் அதுவாவது பிடிக்கட்டும்.

ஒரு சின்னக் கேள்வி பாக்கி. "வணக்கம்" செய்திக்குப் பின்னால் 32 பிட் அட்டவணை ஒன்று வருகிறது. 22 பைட்டுக்குப் பிறகு, அட்டவணை சீரான முகவரியில் தொடங்க .அலைன் 4 போட்டேன். எக்ஸ்86-64இல் இரண்டு பைட் நிரப்பியது, 32 பிட் ஆர்மில் போட்டுப் பார்த்தால் பத்து பைட். ஏன்?

---

ஆக்டல்பிரியை

எக்ஸ்86 ஈஎல்எஃப்பில் .அலைன் 4 என்றால் 4 பைட். ஆர்மில் இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16 பைட். 22லிருந்து 32 வரை நிரப்பியிருக்கிறது. .பிஅலைன் போட்டால் எங்கேயும் பைட் கணக்கு, .பி2அலைன் போட்டால் எங்கேயும் அடுக்குக் கணக்கு. உங்களுக்கு .பிஅலைன் 4.

---

வரிமுடிவு

மாற்றிவிட்டேன். ஐந்து டார்கெட்டிலும் இப்போது 141, 0, பிறகு இரண்டு நிரப்பு பைட், அதன்பின் அட்டவணை.